சின்ன ஊர் கழிவுநீர் நிலையம்: அறிகுறியைப் பார்த்துப் பிழை தீர்க்கும் வழி

இருபதாயிரம் பேர் வாழும் ஊர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் குடிநீர். அதில் ஐந்தில் நான்கு பங்கு சாக்கடைக்குப் போகிறது என்றால், நிலையத்துக்கு வரவேண்டியது ஏறத்தாழ 22 லட்சம் லிட்டர். அதைக் கவனிக்க ஷிப்டுக்கு ஒரு ஆப்பரேட்டர், ஒரு உதவியாளர். பரிசோதனைக் கூடம் மாவட்டத் தலைநகரில் இருக்கும். கழிவைத் தின்ன நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்று காட்டும் பி.ஓ.டி. சோதனைக்கே மூன்று நாள் ஆகும், தாள் கைக்கு வர ஒரு வாரம். அதற்குள் தொட்டியின் நிலைமையே மாறிப்போயிருக்கும். ஆகவே கண், மூக்கு, ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடி, ஒரு கடிகாரம் இவற்றை வைத்தே பெரும்பாலான பிழைகளைப் பிடித்தாக வேண்டும்.

பதினைந்து வருடமாக இப்படி ஒரு நிலையத்தில்தான் வேலை பார்க்கிறேன். கம்பித் தடுப்பு, மணல் தொட்டி, காற்று ஊதும் ஏரேஷன் தொட்டி, சேற்றைப் படியவிடும் கிளாரிஃபையர், குளோரின் தொட்டி, சேறு உலர்த்தும் படுகை என்ற வழக்கமான அமைப்பு. 1914-ல் மான்செஸ்டரில் ஆர்டர்ன், லாக்கெட் இருவரும் செய்து காட்டிய அதே முறை. கழிவுநீரில் காற்றை ஊதினால் நுண்ணுயிர்கள் பெருகித் திரள்கின்றன. அந்தத் திரளைப் படியவிட்டு, படிந்த சேற்றில் பெரும்பகுதியை மறுபடி காற்றுத் தொட்டிக்கே அனுப்புகிறோம். மிச்சத்தைக் கழித்து உலர்த்துகிறோம். மாடு வளர்ப்பவருக்கு இதை விளக்கவே வேண்டாம். தீவனம் (உள்ளே வரும் கழிவு) எவ்வளவு, மந்தை (சேற்றிலுள்ள நுண்ணுயிர்) எவ்வளவு, மூச்சுக் காற்று போதுமா என்ற மூன்று கேள்விதான் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது.

புதிதாக வேலைக்கு வரும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். கண்ணில் படும் அறிகுறியிலிருந்து தொடங்கிக் காரணத்துக்குப் போகலாம்.

எந்த வால்வையும் திருகுவதற்கு முன்

ஏரேஷன் தொட்டியின் கடைசி முனையிலிருந்து ஒரு லிட்டர் எடுத்து ஜாடியில் ஊற்றுங்கள். வெயில் படாத, அதிராத இடத்தில் வையுங்கள். முதல் ஐந்து நிமிடம் அங்கேயே நின்று பாருங்கள். முப்பதாவது நிமிடத்தில் சேறு எத்தனை மில்லியில் நிற்கிறது என்று எழுதுங்கள். பிறகு ஜாடியைக் கொட்டிவிடாமல் இரண்டு மணி நேரம் அப்படியே விட்டுவையுங்கள்.

300 மில்லியில் நின்றது, தொட்டியில் லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் சேறு இருக்கிறது என்றால், 300-ஐ ஆயிரத்தால் பெருக்கி 3,000-ஆல் வகுக்க 100 வரும். எஸ்.வி.ஐ. என்று சொல்வது இந்த எண்ணைத்தான். எங்கள் நிலையம் 80 முதல் 120-க்குள் இருந்தால் நிம்மதி. 150-ஐத் தாண்டினால் சேறு உப்பத் தொடங்கிவிட்டது. 50-க்குக் கீழே போனால் சேறு கனமாகி, மேலே நிற்கும் தண்ணீரில் தூசி தூசியாகப் பறக்கும்.

இன்னொரு கட்டுப்பாடும் வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். எங்கள் மாதிரி நீண்ட காற்றூட்டல் நிலையத்தில் சேற்றின் வயது, அதாவது சேறு நிலையத்துக்குள் தங்கும் சராசரிக் காலம், 10 முதல் 25 நாள். இன்று சேறு கழிக்கும் அளவை மாற்றினால் அதன் முழு விளைவும் தெரிய வாரக்கணக்கில் பிடிக்கும். காற்றை மாற்றினால் சில மணி நேரத்தில் தெரியும். இந்த இரண்டு கடிகாரத்தையும் குழப்பிக்கொண்டால், திங்கட்கிழமை செய்ததைப் புதன்கிழமை திருப்பி, வெள்ளிக்கிழமை எது எதனால் வந்தது என்றே தெரியாமல் நிற்போம். முதல் வருடம் நான் அப்படி நின்றேன். நுரை வந்தது என்று காற்றைக் கூட்டினேன், பிறகு குறைத்தேன், பிறகு சேற்றைக் கழித்தேன். கடைசியில் திரும்பும் சேற்றுப் பம்பில் ஒரு சேலைத் துண்டு சுற்றிக்கொண்டு கிடந்தது. பம்பைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும்.

அழுகிய முட்டை வாடை

வாடை எந்த இடத்திலிருந்து வருகிறது என்பதில்தான் பதில் இருக்கிறது. ஆனால் அதைத் தேடிப் போகும் முன் ஒன்று. அந்த வாடை ஹைட்ரஜன் சல்பைடு வாயு. கொஞ்சமாக இருக்கும்போது நாறும். பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவை நெருங்கும்போது மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. அந்த அளவே உயிருக்கு உடனடி ஆபத்து. "இப்போ நாத்தம் இல்லண்ணே, இறங்கிடலாம்" என்று ஒரு தம்பி சொன்னால், அந்தச் சொல்தான் அபாய மணி.

ஈரக்கிணற்றிலோ (பம்புக்கு முன் கழிவுநீர் சேரும் குழி) மேன்ஹோலிலோ யாரும் இறங்கக் கூடாது. உரிய பாதுகாப்பின்றி மலக்குழிக்குள் மனிதரை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பதைத் தடைசெய்யும் சட்டம் 2013-லேயே வந்துவிட்டது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு முன் அந்தத் தொகை 10 லட்சமாக இருந்தது. சாக்கடைச் சாவுகளில் திரும்பத் திரும்ப நடப்பது ஒன்றுதான்: முதலில் விழுந்தவரைக் காப்பாற்ற இரண்டாமவர் இறங்குகிறார், அவரைக் காப்பாற்ற மூன்றாமவர். கயிறு, வாயு அளக்கும் கருவி, காற்று ஊதும் விசிறி, மேலே நிற்கும் ஆள் எல்லாம் இருந்தாலும், பம்பைச் சங்கிலியால் மேலே தூக்கிப் பழுது பார்க்க முடியுமா என்பதையே முதலில் கேளுங்கள். மேலதிகாரி அவசரப்படுத்தினாலும் மறுக்கலாம். சட்டம் உங்கள் பக்கம்.

இனி வாடையின் இடம். உள்ளே வரும் தண்ணீரே கறுப்பாக நாறினால், குழாயிலோ பம்பிங் ஸ்டேஷனிலோ அது நெடுநேரம் தேங்கியிருக்கிறது. ஈரக்கிணறு முழுக்க நிறைந்த பிறகே பம்பை ஓட்டும் வழக்கம் இருந்தால் மாற்றுங்கள். குறைந்த மட்டத்தில், அடிக்கடி ஓட விடுங்கள். ஏரேஷன் தொட்டி நாறினால் காற்று போதவில்லை. நல்ல தொட்டிக்கு மழை பெய்த தோட்டத்து மண் வாடைதான் இருக்கும். கிளாரிஃபையர் நாறினால் சேறு அடியில் கிடந்து அழுகுகிறது என்று பொருள். அடிச்சேற்றை வழித்துத் தள்ளும் சுரண்டி சுற்றுகிறதா, திரும்பும் சேறு ஓடுகிறதா பாருங்கள். உலர்த்தும் படுகை நாறினால் அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

உள்ளே வரும் தண்ணீரின் நிறம் மாறியிருக்கிறது

காலை எட்டு மணித் தண்ணீர் சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டும். பால் வெள்ளையாகப் புளித்த வாடையோடு வந்தால் பால் குளிரூட்டும் நிலையம். நீலம், சிவப்பு என்றால் சாயப்பட்டறை. இளமஞ்சளாக, பழைய சோற்றுத் தண்ணீர் மாதிரி புளிப்பாக வந்தால் புழுங்கலரிசி ஆலையில் நெல் ஊறவைத்த தண்ணீர். டெல்டாப் பக்கம் சம்பா அறுவடை முடிந்த தை, மாசியில் இதை எதிர்பார்க்கலாம். மேலே வானவில் மாதிரிப் படலம் மிதந்தால் ஒர்க்‌ஷாப் டீசல் அல்லது எண்ணெய்.

கறுத்து, கட்டியாக, நாற்றத்தோடு திடீரென்று வந்து ஒரு மணி நேரத்தில் ஓய்ந்தால் செப்டிக் டேங்க் லாரி. யாரோ இரவில் மேன்ஹோல் மூடியைத் திறந்து கொட்டியிருக்கிறார்கள். இதை லேசாக எண்ணக் கூடாது. நிலையத்துக்கு நாளெல்லாம் வரும் 20 லட்சம் லிட்டரில் லிட்டருக்கு 250 மில்லிகிராம் பி.ஓ.டி. இருந்தால் மொத்தச் சுமை 500 கிலோ. ஒரு லாரி 6,000 லிட்டர், அதில் லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் என்று வைத்தால் 30 கிலோ. ஐந்து லாரி ஒரே இரவில் கொட்டினால் 150 கிலோ, அதாவது ஒரு நாள் சுமையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, ஒன்றிரண்டு மணி நேரத்தில் வந்து இறங்குகிறது. நுண்ணுயிர்களுக்கு மூச்சு முட்டும்.

அன்றைக்குச் செய்ய வேண்டியது: இருக்கிற ப்ளோயர் (காற்று ஊதும் இயந்திரம்) எல்லாவற்றையும் ஓட்டுங்கள், அன்று சேறு கழிக்காதீர்கள், திரும்பும் சேற்றைக் கூட்டுங்கள். மறுநாள் செய்ய வேண்டியது லாரி ஓட்டுநர்களிடம் பேசுவது. கொட்ட இடமில்லாததால்தான் அவர்கள் இருட்டில் கொட்டுகிறார்கள். செங்கல்பட்டுப் பக்கம் கருங்குழிப் பேரூராட்சியில் 2017-ல் செப்டிக் டேங்க் கழிவுக்கென்றே தனி நிலையம் வந்தது. அந்த வசதி இல்லாத ஊரில், நிலையத்துக்குள்ளேயே ஒரு தொட்டி ஒதுக்கி, பகலில் வரச் சொல்லி, பதிவேட்டில் எழுதி, அந்தக் கழிவை இரவு முழுக்கச் சிறுகச் சிறுக ஏரேஷனுக்கு விடலாம். எங்கள் ஊரில் அப்படிச் செய்த பிறகு இரவுக் கொட்டல் குறைந்தது.

தொட்டி முழுக்க நுரை

நுரையில் இரண்டு சாதி உண்டு. நிறத்தைப் பாருங்கள்.

வெள்ளையாக, சோப்பு நுரை மாதிரி, காற்றில் பறக்கிறதா? சேறு இளசு. மந்தை சின்னது, தீவனம் அதிகம். நிலையம் புதிதாகத் தொடங்கிய வாரங்களில் இது இயல்பு. ஓடிக்கொண்டிருந்த நிலையத்தில் திடீரென வந்தால் சேற்றை அளவுக்கு மீறிக் கழித்திருக்கிறோம், அல்லது மழையில் சேறு அடித்துக்கொண்டு போயிருக்கிறது. கழிப்பதை நிறுத்துங்கள், திரும்பும் சேறு சரியாக வருகிறதா என்று பாருங்கள், ஒரு வாரம் பொறுங்கள். அவசரமாகத் தணிக்க வேண்டுமானால் சுத்திகரித்த தண்ணீரைத் தெளிக்கலாம்.

அடர்ந்த பழுப்பில், தோசை மாவு மாதிரி கெட்டியாக, பிசுபிசுவென்று, குச்சியால் தள்ளினாலும் விலகாமல் மிதக்கிறதா? சேறு கிழடு. எண்ணெயைத் தின்னும் இழைக் கிருமிகள், குறிப்பாக நோகார்டியா வகை, பெருகியிருக்கும். சின்ன ஊர்களில் இது அதிகம் வரக் காரணம் உண்டு. நிலையம் இருபது லட்சம் லிட்டருக்குக் கட்டப்பட்டிருக்கும். வீட்டு இணைப்பு பாதிதான் கொடுத்திருப்பார்கள். வருவது எட்டு, பத்து லட்சம் லிட்டர். தீவனம் பாதி, மந்தை முழுசு, காற்றும் முழுசு. பட்டினியில் நல்ல கிருமி செத்து, எண்ணெயில் பிழைக்கத் தெரிந்தது மட்டும் தங்கிவிடுகிறது.

இதற்குத் தண்ணீர் தெளித்துப் பயனில்லை. தெளித்தால் நுரை கீழே போய் மறுபடி வளரும். மிதப்பதை அள்ளி வெளியே எடுக்க வேண்டும். எடுத்ததை மறுபடி நிலையத்துக்குள் தண்ணீர் வரும் இடத்தில் கொட்டவே கூடாது, அது விதை போடுவதற்குச் சமம். சேறு கழிப்பதை நாளுக்குப் பத்து சதவீதம் என்ற அளவில் மெல்லக் கூட்டுங்கள். இரண்டு ஏரேஷன் தொட்டி இருந்தால் ஒன்றை மூடிவிட்டு ஒன்றை மட்டும் ஓட்டலாம். இதில் மின்சாரமும் மிச்சம். பிறகு எண்ணெயின் ஊற்றைத் தேடுங்கள். பரோட்டாக் கடை, கல்யாண மண்டபம், இறைச்சிக் கடை. மண்டபத்துக்குப் பின்னால் எண்ணெய் தடுக்கும் தொட்டி பெயருக்கு இருக்கும், வருடக்கணக்கில் அள்ளியிருக்க மாட்டார்கள். தீபாவளி முடிந்த வாரம் எங்கள் கம்பித் தடுப்பில் எண்ணெய்க்கட்டி உருண்டையாக வந்து நிற்கும். முறுக்குச் சுட்ட எண்ணெயை வீட்டுச் சிங்க்கில் ஊற்ற வேண்டாம் என்று ஐப்பசி தொடங்கியதும் குப்பை வண்டியில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்லச் சொன்னோம். அடுத்த வருடம் உருண்டை சின்னதாக வந்தது.

சேறு படிய மாட்டேன் என்கிறது

இதுதான் எல்லாவற்றிலும் பொல்லாதது. ஜாடியில் முப்பது நிமிடம் ஆகியும் சேறு 800, 900 மில்லியில் நிற்கும். மேலே நிற்கும் கொஞ்சத் தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். கிளாரிஃபையரில் சேற்றுப் படுகை நாளுக்கு நாள் உயர்ந்து, மாலையில் வழிந்து ஓடையில் போகும்.

முதலில் ஒரு சோதனை. ஒரு ஜாடியில் ஏரேஷன் தண்ணீர் முழுசாக. இன்னொரு ஜாடியில் அதே தண்ணீர் பாதி, சுத்திகரித்து வெளியேறும் தண்ணீர் பாதி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கலந்த ஜாடி விறுவிறுவென்று படிந்தால் சேற்றில் குற்றமில்லை, தொட்டியில் சேறு அளவுக்கு மீறி இருக்கிறது. கழித்தால் தீரும். கலந்த ஜாடியும் பஞ்சு மாதிரி மெதுவாகவே இறங்கினால் இழைக் கிருமி பெருகிவிட்டது. திரளுக்கு வெளியே கம்பளி நூல் மாதிரி நீட்டிக்கொண்டு, ஒன்றையொன்று நெருங்க விடாமல் தடுக்கிறது. பக்கத்துப் பள்ளியிலோ கல்லூரியிலோ நுண்ணோக்கி இருந்தால் ஒரு சொட்டு கொண்டுபோய்ப் பாருங்கள். ஒருமுறை பார்த்துவிட்டால் அந்த நூல் மறக்காது.

இழை ஏன் வளர்ந்தது என்பதற்கு ஐந்து வாசல் உண்டு. கரைந்த ஆக்சிஜன் குறைவு முதல் வாசல். லிட்டருக்கு 2 மில்லிகிராம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மீட்டர் இல்லையென்றால் தொட்டியின் நான்கு மூலையிலும் குமிழி ஒரே சீராக வருகிறதா பாருங்கள். இரண்டாவது, மேலே சொன்ன பட்டினி. மூன்றாவது, கறுத்து நாறிப்போய் உள்ளே வரும் தண்ணீர், அதிலுள்ள சல்பைடைத் தின்று வளரும் இழை வேறு. நான்காவது, புளிப்பு. பி.எச். 6.5-க்குக் கீழே போனால் பூஞ்சை வளரும், அரிசி ஆலைத் தண்ணீர் வரும் நாட்களில் இதைச் சந்தேகியுங்கள். ஐந்தாவது, சத்துக் குறைவு. நூறு பங்கு பி.ஓ.டி.க்கு ஐந்து பங்கு நைட்ரஜன், ஒரு பங்கு பாஸ்பரஸ் வேண்டும். வீட்டுச் சாக்கடையில் இது தாராளமாக இருக்கும். மாவுத் தண்ணீர் மட்டும் மிகுதியாக வரும் ஊரில்தான் குறையும்.

காரணத்தைச் சரிசெய்ய வாரங்கள் ஆகும். ஆனால் சேறு இன்றைக்கே வழிகிறது. அப்போது திரும்பும் சேற்றில் குளோரின் விடலாம். கை நடுங்காமல் கணக்குப் போட்டுச் செய்ய வேண்டிய வேலை இது. ஏரேஷன் தொட்டி 2,000 கன மீட்டர், சேறு லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் என்றால் தொட்டியில் இருப்பது 6,000 கிலோ. அதில் உயிருள்ள பகுதி ஏறத்தாழ 70 சதவீதம், 4,200 கிலோ. ஆயிரம் கிலோவுக்கு நாளொன்றுக்கு 2 கிலோ குளோரின் என்று தொடங்கினால் 8.4 கிலோ. பிளீச்சிங் பவுடரில் 30 சதவீதம் குளோரின் இருந்தால் 28 கிலோ பவுடர். கரைத்து, தெளியவிட்டு, தெளிவை மட்டும் 24 மணி நேரமும் சொட்டுச் சொட்டாகத் திரும்பும் சேற்றுக் குழாயில் விடுங்கள். ஒரே நேரத்தில் கொட்டினால் நல்ல கிருமியும் சாகும். இரண்டு மூன்று நாளில் எஸ்.வி.ஐ. இறங்கத் தொடங்க வேண்டும். வெளியேறும் தண்ணீர் பால் கலந்தது மாதிரி மங்கினால் அளவு மீறிவிட்டது, உடனே நிறுத்துங்கள்.

படிந்த சேறு கட்டி கட்டியாக மேலே வருகிறது

முப்பது நிமிடத்தில் அழகாகப் படிந்த ஜாடியை இரண்டு மணி நேரம் வைக்கச் சொன்னேன் அல்லவா? அதற்குப் பயன் இங்கேதான். ஒரு மணி நேரத்திலேயே அடியிலிருந்து சேறு அப்படியே தட்டாகக் கிளம்பி மேலே வந்தால், கிளாரிஃபையரிலும் அதுதான் நடக்கிறது. அந்தத் தட்டைக் குச்சியால் கலக்கினால் குட்டிக் குமிழி விட்டு மறுபடி கீழே இறங்கும். வாடை இராது. அது நைட்ரஜன். ஏரேஷனில் அம்மோனியா நைட்ரேட் ஆகிவிட்டது. காற்றில்லாத சேற்றுப் படுகையில் கிருமிகள் நைட்ரேட்டிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு நைட்ரஜனை வாயுவாக விடுகின்றன. நம் ஊர் வெயிலில் இது வேகமாக நடக்கும், சித்திரை வைகாசியில் இன்னும் வேகம்.

சுத்திகரிப்பு நன்றாக நடப்பதன் பக்கவிளைவு இது என்பதால் பயப்பட வேண்டாம். திரும்பும் சேற்றின் ஓட்டத்தைக் கூட்டி, கிளாரிஃபையரில் சேறு தங்கும் நேரத்தைக் குறையுங்கள். சேற்றின் வயதையும் கொஞ்சம் குறையுங்கள். முடிந்தால் ஏரேஷனின் தலைப்பகுதியில் காற்றை நிறுத்தி, கிளறல் மட்டும் வைத்து, நைட்ரேட்டை அங்கேயே தீர்க்கலாம்.

வரும் கட்டி கறுப்பாக, நாறிக்கொண்டு, பெரிய குமிழியோடு வந்தால் கதை வேறு. சேறு மூலையில் சிக்கி அழுகியிருக்கிறது. சுரண்டியின் ரப்பர் தேய்ந்திருக்கும், அல்லது குழாய் அடைத்திருக்கும்.

மேல் தண்ணீரில் தூசி, அல்லது பஞ்சுத் துணுக்கு

ஊசிமுனை அளவு துகள், சேறு மளமளவென்று இறங்கியும் தண்ணீர் கலங்கல்: கிழட்டுச் சேறு, கழிப்பதைக் கூட்டுங்கள். மெல்லிய பஞ்சுத் துணுக்கு மெதுவாக மிதக்கிறது, மற்றபடி தண்ணீர் தெளிவு: இளஞ்சேறு, கழிப்பதைக் குறையுங்கள். கிளாரிஃபையரின் ஒரு பக்கம் மட்டும் துகள் போனால் சேற்றைக் குறை சொல்ல வேண்டாம். வழிந்தோடும் விளிம்பு சாய்ந்திருக்கிறது. மட்டக்குழாய் வைத்துப் பாருங்கள். பாசி பிடித்தாலும் அப்படித்தான், வாரம் ஒருமுறை தேய்த்துவிட்டால் போதும்.

குமிழி குறைந்துவிட்டது

ப்ளோயரின் அழுத்தமானியைப் பாருங்கள். வழக்கத்தைவிட அழுத்தம் ஏறியிருந்தால், தொட்டியின் அடியில் குமிழி விடும் டிஃப்யூசர் அடைத்திருக்கிறது. இறங்கியிருந்தால் குழாயில் கசிவு, பெல்ட் வழுக்கல், அல்லது காற்று உறிஞ்சும் வடிகட்டியில் தூசி. தொட்டியில் ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் கொதிப்பது மாதிரி பொங்கினால் அங்கே ரப்பர் கிழிந்துவிட்டது. அதன் பக்கத்து டிஃப்யூசர்கள் பட்டினி கிடக்கும்.

மின்வாரியத்தார் லைனில் வேலை பார்த்துவிட்டுப் போன மறுநாள் பம்ப் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை என்றால் முதலில் மோட்டார் சுற்றும் திசையைப் பாருங்கள். ஃபேஸ் மாறி, தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு முழு நாள் பம்பைக் கழற்றிப் பார்த்த பிறகு இதைக் கண்டுபிடித்தவர்களை எனக்குத் தெரியும்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில், காற்று இல்லாமல் சில மணி நேரம் சேறு தாங்கும். அதற்கு மேல் போகும் என்று தெரிந்தால் டீசல் ஜெனரேட்டரில் ஒரு ப்ளோயரையாவது மணிக்குப் பதினைந்து நிமிடம் ஓட்டுங்கள். மின்சாரம் வந்ததும் முதலில் காற்று, பிறகுதான் உள்ளே தண்ணீர்.

அம்மோனியா குறையவில்லை, பி.எச். இறங்குகிறது

ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற ஏறத்தாழ 4.6 மில்லிகிராம் ஆக்சிஜனும், புளிப்பை ஈடுகட்டும் காரத்தன்மை 7.1 மில்லிகிராமும் செலவாகும். லிட்டருக்கு 40 மில்லிகிராம் வந்தால் 285 மில்லிகிராம் காரத்தன்மை கரைந்துபோகும். காரத்தன்மை மிகுந்த போர்வெல் தண்ணீர் குடிக்கும் ஊருக்கு இது பெரும்பாலும் கவலையில்லை. ஆற்றுத் தண்ணீர் குழாயில் வரும் ஊரில் கையிருப்பு தீர்ந்து பி.எச். சரியும், சரிந்தால் அந்த வேலையைச் செய்யும் கிருமியே நின்றுவிடும். சுண்ணாம்புப் பால் சேர்க்கலாம். அதைவிட, முன்பகுதியில் காற்றில்லாத இடம் ஒதுக்கினால் நைட்ரேட் தீரும்போது செலவான காரத்தன்மையில் பாதி திரும்பக் கிடைக்கும்.

பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போட்டாலும் குளோரின் நிற்கவில்லை

பவுடர் பழசா என்று பாருங்கள். மூட்டை திறந்து ஈரக்காற்றில் கிடந்தால் வீரியம் போய்விடும். புதிய மூட்டையும் வேலை செய்யவில்லையா? அம்மோனியா பாதி வழியில் நைட்ரைட்டாக நிற்கிறது. ஒரு மில்லிகிராம் நைட்ரைட் நைட்ரஜன் ஐந்து மில்லிகிராம் குளோரினை விழுங்கும். பவுடரைக் கூட்டுவது வீண். ஏரேஷனில் காற்றைக் கூட்டி நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குங்கள். 2017-ல் மத்திய அரசு வெளியிட்ட அளவுகோலின்படி வெளியேறும் நூறு மில்லி தண்ணீரில் மலக்கிருமி ஆயிரத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். கீழே அந்தத் தண்ணீரில் ஒருவர் மாட்டுத்தீவனப் புல் வளர்க்கிறார், அவர் மகன் வெறுங்காலோடு மடை திறக்கிறான். எனக்கு அந்த எண்ணின் பொருள் அந்தப் பையனின் கால்தான்.

மழைநாளில் சேறு அடித்துக்கொண்டு போகிறது

ஐப்பசி, கார்த்திகையில் வழக்கமான ஓட்டம் மூன்று மடங்காகும். மாடித் தண்ணீரைச் சாக்கடையில் இணைத்த வீடுகள் ஒரு காரணம். தெருவில் தண்ணீர் நின்றால் மேன்ஹோல் மூடியைத் தூக்கிவிடுவது இன்னொன்று. வெள்ளம் உள்ளே வருகிறது என்று தெரிந்ததும் ஏரேஷன் தொட்டியின் காற்றை ஒன்றிரண்டு மணி நேரம் நிறுத்துங்கள். சேறு அங்கேயே படிந்து பத்திரமாகத் தங்கும், மேல் தண்ணீர் மட்டும் கடந்துபோகும். ஓட்டம் தணிந்ததும் காற்றைத் திறங்கள். காற்றை நிறுத்தச் சொன்னால் புதியவர்கள் தயங்குவார்கள். ஆனால் பதினைந்து நாள் வளர்த்த மந்தை ஒரே இரவில் ஓடையில் போனால் திரும்ப வளர்க்க மாதமாகும். அந்த இரண்டு மணி நேரத்தின் கலங்கலைப் பொறுத்துக்கொள்ளலாம்.

உலர்த்தும் படுகை காயவில்லை

சேற்றை 20 முதல் 30 சென்டிமீட்டருக்கு மேல் ஊற்றாதீர்கள். பழைய சேற்றின் மேல் புதுச் சேறு ஊற்றவே கூடாது, அடியில் உள்ளது புழுங்கி நாறும். வெயில் காலத்தில் பத்துப் பதினைந்து நாளில் பாளம் பாளமாக வெடிக்க வேண்டும். வெடிக்காமல் மேலே தண்ணீர் நின்றால் மணலின் மேலடுக்கு அடைத்திருக்கிறது. ஐந்து சென்டிமீட்டர் சுரண்டி எடுத்துப் புது மணல் போடுங்கள். மழைக்காலத்துக்கு முன், புரட்டாசி முடிவதற்குள், படுகைகளைக் காலி செய்துவிடுங்கள். இல்லையென்றால் கார்த்திகையில் கழிக்க இடமின்றி, சேறு தொட்டியிலேயே கிழடாகி, தை மாதம் பழுப்பு நுரையாகக் கண்ணில் படும்.

காய்ந்த சேற்றைக் கேட்டு விவசாயிகள் வருவார்கள். கொடுக்கும் முன் சில மாதம் குவித்து வையுங்கள், அதில் குடற்புழு முட்டை உயிரோடு இருக்கும். தென்னைக்கும் வாழைக்கும் அடியில் மண்ணோடு புதைக்கலாம். கீரைக்கும் வெங்காயத்துக்கும் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிக் கொடுங்கள், அள்ளும்போது கையுறை, காலணி இருக்கிறதா என்றும் பாருங்கள்.